விகிதச் சோதனை ஒன்று சொல்கிறது, நம்பிக்கை இடைவெளி வேறு சொல்கிறது. யாராவது விளக்குங்களேன்

புள்ளியியல் தெரிந்த நண்பர்களுக்கு வணக்கம். ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

பழுது விகிதம் 10 சதவீதம் என்பது இன்மைக் கருதுகோள் (சோதித்துப் பார்க்கும் அனுமானம்). 100 பொருள்கள் கொண்ட மாதிரியில் 16 பழுது. இருபக்கச் சோதனை, 5 சதவீத மட்டம். திட்டப்பிழைக்கு (மாதிரி விகிதம் எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவுக்கு) 0.10-ஐப் போட்டால் 0.03 வருகிறது. இசட் மதிப்பு (0.16-க்கும் 0.10-க்கும் உள்ள வித்தியாசத்தைத் திட்டப்பிழையால் வகுத்தது) சரியாக 2, அதாவது 1.96-ஐத் தாண்டுவதால் கருதுகோளை நிராகரிக்கிறோம். சரி. அப்புறம் 95 சதவீத நம்பிக்கை இடைவெளிக்கு (உண்மை விகிதம் இருக்கக்கூடிய வரம்புக்கு) மாதிரியின் 0.16-ஐப் போட்டால் திட்டப்பிழை 0.0367 ஆகிறது, இடைவெளி 0.088 முதல் 0.232 வரை. அதற்குள்ளே 0.10 உட்கார்ந்திருக்கிறது! அப்படிப் பார்த்தால் நிராகரிக்கக் கூடாதே.

சராசரிக்கான டி சோதனையில் இந்தத் தகராறே வராது. அங்கே சோதனை, இடைவெளி இரண்டுக்கும் மாதிரியின் திட்டவிலக்கம்தான். விகிதத்திலோ கருதுகோளே பரவற்படியையும் (திட்டவிலக்கத்தின் வர்க்கத்தையும்) தீர்மானித்துவிடுகிறது. இதுவரை புரிகிறது.

புள்ளியியலாளர் வில்சன் 1927-இல் தந்த இடைவெளியை (இந்தச் சோதனை நிராகரிக்காத விகிதங்களின் வரம்பு) போட்டுப் பார்த்தேன்: 0.101 முதல் 0.244 வரை. சோதனையோடு ஒத்துப்போகிறது, மயிரிழையில்தான்.

அறிக்கையில் எதை எழுதுவது? வில்சன் இடைவெளியையே எப்போதும் தரலாமா, அல்லது இசட் தோராயத்தை விட்டு, பழுது எண்ணிக்கையின் நிகழ்தகவை நேரடியாகக் கணக்கிடும் ஈருறுப்புப் பரவலின் துல்லியச் சோதனைக்குப் போக வேண்டுமா? காரணத்தோடு சொன்னால் பெரிய உதவி.