மறு: ‘மாரினேட்’ – ஒரு சொல்லா, இரண்டா?

வாட்டுவதற்கு முன் உணவை மசாலாக் கலவையில் வைத்தெடுப்பதைச் சொல்லும் ‘மாரினேட்’டுக்கும், சமையல் குறிப்பின் தலைப்பில் வரும் ‘சேவரி’க்கும் நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘ஊறல்’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் ஊறல் என்றதும் பாதிப் பேருக்குச் சாராயம் நினைவுக்கு வரும், மீதிப் பேருக்கு ஊறுகாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இருக்கும் சிக்கல் வேறு. டோஃபு (சோயாப் பன்னீர்), டெம்பே (நொதித்த சோயா வில்லை), காளான், குடைமிளகாய் இவற்றைத் தணலில் வாட்டுவதற்கு முன் நாம் செய்வதில் பாதி ஊற வைப்பதே இல்லை.

டோஃபுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர், நுண்துளைகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கின்றன. எண்ணெயில் கரையும் மணங்களும் மிளகாயின் காரமும் அதற்குள் போகவே போகாது, மேற்பரப்பிலேயே நின்றுவிடும். உள்ளே போவது உப்பும், சோயா சாஸில் இருக்கிற, சுவை கூட்டும் குளுட்டமேட் மாதிரி தண்ணீரில் கரையும் சிலவும்தான், அதுவும் மெதுவாக. எண்ணெய், உப்பு, பூண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து டோஃபு மேல் ஊற்றினால் எண்ணெய் முதலில் போய்ப் படிந்துகொண்டு உப்புத் தண்ணீருக்கும் வழிவிடாது. இரவு முழுக்க வைத்தும் உள்ளே சப்பென்று இருக்கிறது என்று பலர் புலம்புவது இதனால்தான்.

ஆகவே வேலையையே இரண்டாகப் பிரித்துவிடலாம் என்கிறேன். முதலில் எண்ணெய் இல்லாத, உப்பான நீர். இதற்கு ஊறுநீர். அப்புறம் அடுப்பில் போடுவதற்குச் சற்று முன் எண்ணெயும் பொடிகளும் சேர்ந்த கலவை. இதற்கு பிசறல். ‘உப்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசறி வைக்கவும்’ என்று சமையல் குறிப்புகளில் காலங்காலமாக எழுதிவருகிறோம், வினை இருக்கிறது, பெயராக்கினால் போதும். பிற மொழியில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

> ‘மென்சாறு’ எப்படி? மிருதுவாக்குவதுதானே நோக்கம்?

இறைச்சிக்கு வேண்டுமானால் பேசிப் பார்க்கலாம். டோஃபுவில் மிருதுவாக்க என்ன இருக்கிறது, அது ஏற்கெனவே தயிர் போல் உறைந்த மெத்தென்ற புரதம். காய்கறியில் நடப்பதோ நேர்மாறு, புளிப்பு சேர்ந்தால் காயை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது, காய் விறைப்பாகவே நிற்கும். எலுமிச்சைச் சாறு சுவைக்காக மட்டும்தான். மென்சாறு வேண்டாம்.

சொற்கள் புழங்குமா என்று பார்க்க ஒரு குறிப்பை அவற்றிலேயே எழுதிப் பார்த்தேன்:

400 கிராம் கெட்டி டோஃபுவைத் துணியில் சுற்றிக் கனம் வைத்து அரை மணி நேரம் தண்ணீரை வடித்து, தடித்த துண்டுகளாக நறுக்கவும் (ஒருமுறை உறையவைத்து இளக்கிய டோஃபு என்றால் பனிக்கட்டி துளைகளைப் பெரிதாக்கியிருக்கும், இன்னும் நன்றாக உறிஞ்சும்). அரைக் கோப்பை வெந்நீர், 3 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி வினிகர், தட்டிய பூண்டு இவைதான் ஊறுநீர். ஆறியதும் அதில் டோஃபுவை மூழ்கவிட்டு ஒரு மணி நேரமாவது குளிர்பெட்டியில் வைக்கவும். எடுத்து ஈரத்தைத் துடைத்து, 2 மேசைக்கரண்டி எண்ணெய், மிளகாய்த்தூள், மிளகு, சீரகப்பொடி கலந்த பிசறலில் புரட்டி உடனே தணலுக்கு.

படிக்க இடறவில்லை என்றே நினைக்கிறேன். டெம்பேக்கும் இதே முறைதான், முதலில் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் கசப்பு குறையும். காய்கறிகளுக்கு ஊறுநீர் தேவையே இல்லை. உப்பு அவற்றிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடும், ஈரமாகத் தணலில் போட்டால் வாடாது, வேகும். நேரே பிசறல், உப்பு கடைசி நிமிடத்தில். கத்திரிக்காயும் காளானும் எண்ணெயைக் குடித்துத் தீர்த்துவிடும் என்பதால் அவற்றுக்குத் தூரிகையால் தடவுவது மேல்.

> தலைப்பில் உள்ள ‘சேவரி’க்கு ‘காரமான’ போதுமா?

போதாது. மிளகாயே இல்லாமலும் அது சேவரிதான். உப்பும் உமாமியும் (குளுட்டமேட் தரும் நிறைவான சுவை) முன்னே நிற்கிற, இனிப்பல்லாத சுவை அது. உமாமியை 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் கண்டறிந்து பெயரிட்டார், அந்தப் பெயர் உலகம் முழுக்க அப்படியே போயிற்று, நாமும் உமாமி என்றே வைத்துக்கொள்ளலாம். தலைப்பு ‘உமாமி ஊறுநீரும் பிசறலும்’ என்றால் எனக்குச் சம்மதம். ‘உவர்ப்பு’ என்று யாரோ சொன்னார்கள், அது கிணற்றுத் தண்ணீருக்குத்தான் பொருந்தும்.

இன்னும் முடிவாகாதது ஒன்று: வாட்டும்போது கடைசி இரண்டு நிமிடத்தில் மேலே தடவும் இனிப்புக் குழம்பு, கிளேஸ். சர்க்கரை சீக்கிரம் கருகிவிடும் என்பதால் அதை ஊறுநீரிலோ பிசறலிலோ அதிகம் சேர்ப்பதில்லை, எனவே மூன்றாவது சொல் ஒன்று வேண்டும். ‘மெருகு’ என்று வைக்கலாமா? ‘பூச்சு’ என்றால் சுவருக்குச் சாயம் அடிப்பது போல இருக்கிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.