"பட்" வந்தாலே "ஆனா"ன்னு தான் அர்த்தமா? "ஆல் பட்" புரியல

முகில்87:
கிரிக்கெட் நியூஸ்ல "ஆல் பட் அவுட் ஆஃப் தி டோர்னமென்ட்"னு ஒரு தலைப்பு பாத்தேன். டீம் வெளிய போயிடுச்சா இல்லையா? ஆபீஸ்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "எனிதிங் பட்", "பட் ஃபார்" எல்லாமும் இதே மாதிரி குழப்புது, யாராச்சும் சொல்லுங்கப்பா.

கொங்குத்தமிழன்:
கணக்குப்படி இன்னும் உயிர் இருக்கு, ஆனா கிட்டத்தட்ட முடிஞ்சுதுன்னு அர்த்தம் தல. "தி ஒர்க் இஸ் ஆல் பட் ஃபினிஷ்டு"ன்னாலும் வேலை முடியிற நிலைமைல இருக்குன்னு தான். ஆனா பின்னாடி ஆளோ பொருளோ வந்தா கதை வேற, "ஆல் பட் டூ ஸ்டூடண்ட்ஸ் பாஸ்டு"ன்னா ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் பாஸ். உண்மைல இந்த "தவிர" தான் பழசு, பழைய ஆங்கிலத்துல இது "வெளியே"ங்கிற வார்த்தைலருந்து வந்தது, "ஆனா"ங்கிறது அப்புறம் முளைச்சது. ஸ்காட்லாந்துல ரெண்டு ரூம் குடிசைய "பட் அண்ட் பென்"னு சொல்வாங்க, வெளி ரூம் பட், உள் ரூம் பென்.
அதனால "தவிர" போட்டு பாருங்க, "நத்திங் பட் ட்ரபிள்"னா தொல்லையத் தவிர ஒண்ணுமில்ல. "எனிதிங் பட் ஈஸி"ன்னா ஈஸியத் தவிர வேற என்ன வேணா சொல்லு, அதாவது சுத்தமா ஈஸி இல்ல.

லா_காலேஜ்_பெஞ்ச்:
"பட் ஃபார்" எங்க ஏரியா 😀 "பட் ஃபார் தி ரெயின், வி வுட் ஹேவ் வன்", மழை மட்டும் வராம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம். கோர்ட்ல "பட் ஃபார் டெஸ்ட்"னே ஒண்ணு இருக்கு, அந்தத் தப்பு மட்டும் நடக்காம இருந்திருந்தா பாதிப்பு வந்திருக்குமான்னு பாக்குறது. லண்டன்ல 1960கள்ல நடந்த பார்னெட் கேஸ், டீ குடிச்சு வாந்தி எடுத்த வாட்ச்மேன டாக்டர் பாக்காமலே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு, ஆள் செத்துட்டாரு, உடம்புல ஆர்சனிக் விஷம். டாக்டர் கவனிக்காதது தப்புதான், ஆனா கவனிச்சிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாருன்னு ஆஸ்பத்திரி தப்பிச்சிருச்சு.

குரூப்4_கனவு:
எக்ஸாம் எழுதறவங்களுக்கு: "டிட் நத்திங் பட் வெயிட்", இங்க "டு" வராது. "ஹேட் நோ சாய்ஸ் பட் டு வெயிட்", இங்க "டு" கட்டாயம். ஆப்ஷன்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சாவடிப்பாங்க.

முகில்87:
சூப்பர் எல்லாருக்கும் நன்றி. "பட்"ல வாக்கியம் ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல அடிச்சு சொன்னாங்களே, அது நெஜமா?

கொங்குத்தமிழன்:
அப்படி ரூலே கிடையாது, தாராளமா ஆரம்பிங்க, என்ன, அதுக்கடுத்து சும்மா ஒரு கமா போட்டுறாதீங்க.