லிட்டருக்கு 40, 50 கி.மீ. தரும் கார் வரும்வரை காத்திருக்கலாமா? (கடலூர் – புதுச்சேரி தினசரி ஓட்டம்)

மஞ்சக்குப்பம்50

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி மறைமலையடிகள் சாலை. போக வர 50 கி.மீ., மாதம் 25 நாள், ஆக 1,250 கி.மீ. வண்டி 2014 மாடல், 1 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். டேங்க் ஃபுல் போட்டுப் பார்த்த கணக்கில் 14.5 தான் தருகிறது. பெட்ரோல் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிப் போடுவதால் லிட்டர் 96 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 8,300 ரூபாய் இதற்கே போகிறது.

ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் ஓட்டுவது), சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு), மின்சாரக் கார், இந்த மூன்றில் எது சரி? இல்லை, லிட்டருக்கு 50 தரும் வண்டி வரப்போகிறது என்கிறார்களே, இரண்டு வருடம் பொறுக்கலாமா? வீட்டில் சொந்த போர்டிகோ இருக்கிறது. கரண்ட் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட்.

லிட்டர்கணக்கு

காத்திருக்க வேண்டாம் சார். மைலேஜ் எண்ணைப் பார்க்காதீர்கள், மாதம் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். உங்கள் 1,250 கி.மீ.க்கு 14.5 தரும் வண்டி 86 லிட்டர் குடிக்கும், 20 தருவது 62.5. மிச்சம் சுமார் 24 லிட்டர். இப்போது 25 தரும் வண்டியிலிருந்து 50 தரும் வண்டிக்கு மாறுகிறீர்கள் என்று வையுங்கள். 50 லிட்டர் 25 ஆகும், மிச்சம் அதே 25 லிட்டர். 14.5-ஐ 20 ஆக்குவதும் 25-ஐ 50 ஆக்குவதும் பர்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதை இந்த மாதமே செய்யலாம்.

அப்படிப்பட்ட வண்டி வராமலும் இல்லை. ஃபோக்ஸ்வேகன் எக்ஸ்.எல்.1 என்று 2013-ல் காட்டினார்கள். 100 கி.மீ.க்கு 0.9 லிட்டர் டீசல், நம் கணக்கில் லிட்டருக்கு 111. அதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது பாருங்கள்: இரண்டே சீட், கார்பன் ஃபைபர் உடம்பு, எடை 795 கிலோ, பின் சக்கரங்களை மூடிவிட்டார்கள், பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமரா, 800 சிசி டீசலோடு ஒரு மின் மோட்டாரும். செய்தது 250 வண்டி. அந்த 0.9-ல் சுவர் பிளக்கிலிருந்து ஏற்றிய கரண்ட் சேரவில்லை என்பதையும் கவனிக்கணும். நாலு பேர், ஏ.சி., ஏர்பேக் எல்லாம் வேண்டும், விலையும் பத்து லட்சத்துக்குள் என்றால் பெட்ரோலில் மட்டும் 50 வராது.

ஹைபிரிட்டில் கிராண்ட் விடாராவுக்கு ஏ.ஆர்.ஏ.ஐ. (வண்டிச் சோதனைக்கூடம்) தந்த மைலேஜ் எண் 27.97. சாலையில் 23 என்று வைத்தால் மாதம் 54 லிட்டர், 5,200 ரூபாய். உங்களுக்கு 3,100 மிச்சம். ஆனால் வண்டிக்காக 10 லட்சம் கடன் வாங்கினால் 9 சதவீதத்தில் முதல் வருட வட்டியே மாதம் 7,500-ஐ ஒட்டி வரும். மிச்சம் பிடிக்க என்று அதை வாங்காதீர்கள். ஆசைக்கு வாங்குவது வேறு.

காலிப்பர்பின்

14.5 அந்த வண்டிக்கு ரொம்பக் கம்மி அண்ணே. அந்த ரோட்டில் 18, 19 தரணும். புது வண்டியை அப்புறம் பார்க்கலாம், முதல்ல இதுல எங்க ஒழுகுதுன்னு பாருங்க.

முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகுற வரைக்கும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டிப் போட்டுடுறது இங்க ரொம்ப சகஜம். அது இல்லாட்டி இன்ஜின் சூடாகவே ரொம்ப நேரம் ஆகும். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமா விட்டுக்கிட்டே இருக்கும். சோதனை சுலபம். காலையில ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் மேல் ஹோஸைப் பிடிங்க (ஃபேன் பக்கம் கை போகக்கூடாது). சில நிமிஷம் சில்லுன்னே இருந்து அப்புறம் சட்டுனு சுட்டா நல்லது. முதல் நிமிஷத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பானா, ஒண்ணு உள்ளே இல்லை, இல்லாட்டி திறந்தபடியே மாட்டிக்கிச்சு.

அடுத்தது பிரேக். கடற்காத்துல காலிப்பர் (பேடை டிஸ்க்ல அழுத்துற கிளாம்ப்) ஸ்லைடு பின் துரு பிடிச்சு இறுகிடும், பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே வரும். அதிகம் பிரேக் போடாம 10 கி.மீ. ஓட்டிட்டு நாலு சக்கரத்துக்கிட்டயும் கையைக் கொண்டு போங்க. தொடவேண்டாம், சூடு தானா தெரியும். ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அதுதான். பின்னைக் கழட்டித் துடைச்சு சிலிகான் பிரேக் கிரீஸ் போடணும். சாதா கிரீஸ் போட்டா ரப்பர் பூட் உப்பிப்போய் மறுபடியும் இறுகும். ஹேண்ட்பிரேக் கேபிளும் இதே துருவுல திரும்பாம நிக்கும்.

ஆயில் பில்லை எடுத்துப் பாருங்க. 5டபிள்யூ-30 போட வேண்டிய இடத்துல அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-40 ஊத்தியிருந்தா அதுவும் ஒரு காரணம்.

டயர் காத்து வீட்டுல குளிர்ச்சியா இருக்கும்போதே பார்க்கணும். பங்க் போய்ச் சேர்றதுக்குள்ள சூட்டுல 3, 4 பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். ஆனா காத்துலயே மைலேஜ் 5 கூடும்ங்கிறது கதை. 1 பி.எஸ்.ஐ. குறைஞ்சா 0.2 சதவீதம், அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் அடைச்சா வண்டி இழுக்காது, இன்ஜெக்ஷன் வண்டியில மைலேஜ் பெரிசா மாறாது.

மஞ்சக்குப்பம்50

இ-20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் காரணம் என்று ஒருவர் சொன்னார். அது எவ்வளவு உண்மை?

லிட்டர்கணக்கு

பாதி உண்மைகூட இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலப்பு 20 ஆனால் லிட்டருக்குச் சுமார் மூன்றரை சதவீதம் சக்தி குறையும். 15 தந்த வண்டி 14.5 தரும். 19 தந்த வண்டி 14.5-க்கு இறங்காது. மைலேஜை விட 2014 வண்டியின் பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள், வெடிப்போ வாசனையோ இருந்தால் உடனே மாற்றுங்கள்.

எர்த்பிட்

மின்சாரக் கார் கணக்கை யாரும் போடவில்லை, நான் போடுகிறேன். சின்ன மின்சாரக் கார் சார்ஜ் இழப்பையும் சேர்த்துக் கி.மீ.க்கு 0.14 யூனிட் எடுக்கும். இரண்டு மாதம் 2,500 கி.மீ.க்கு 350 யூனிட். உங்கள் வீட்டுக் கணக்கோடு சேர்ந்தால் 700.

இங்கேதான் பலர் தவறு செய்வது. தமிழ்நாட்டில் 500 யூனிட் தாண்டினால் ஸ்லாப்பே (கட்டண அடுக்கே) மாறுகிறது. 2024 கட்டண அட்டவணைப்படி 501-லிருந்து யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 601-லிருந்து 9.65. அதோடு 101–200-க்குக் கிடைக்கும் 2.35 சலுகையும் போய் அதுவும் 4.80 ஆகிவிடும். 350 யூனிட்டுக்கு 955 ரூபாய், 700-க்கு 3,905. கூடுதல் 2,950, கி.மீ.க்கு 1.18 ரூபாய். "கி.மீ.க்கு 50 பைசா" என்று ஷோரூமில் சொல்வது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. இருந்தாலும் மாதம் 1,475 தான், 8,300 எங்கே!

போர்டிகோவில் செய்ய வேண்டியது: டி.பி. பாக்ஸிலிருந்து (வீட்டு மின் விநியோகப் பெட்டி) தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர், தனி எம்.சி.பி. (லோடு கூடினால் விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் டைப்-ஏ ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). மலிவான 15 ஆம்பியர் சாக்கெட் இரண்டு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இழுத்தால் உருகலாம். ஆகவே முதல் வாரம் தினமும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கடலோரத்தில் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் பைப் உள்ளுக்குள் அரித்திருக்கும். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து ஏறவில்லை என்றால் வண்டியைக் குறை சொல்வதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். சாக்கெட் நாலடி உயரத்துக்கு மேல் இருக்கட்டும். 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை எங்கெல்லாம் வந்தது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில் மின்சாரக் காருக்கு 15 சதவீதம், ஹைபிரிட்டுக்கு 7.5 சதவீதம் தள்ளுபடி உண்டு. புதுச்சேரியில் வரி குறைவு என்று அங்கே பதிவு செய்ய நினைக்காதீர்கள். வண்டி 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டிலேயே இருந்தால் நம்பர் மாற்ற வேண்டும், வரியும் இங்கே கட்ட வேண்டும்.

காலிப்பர்பின்

சி.என்.ஜி.யும் சொல்லிடுறேன். கிலோவுக்கு 26 கி.மீ., விலை 90ன்னு வெச்சா மாசம் 4,300. ஆனா 60 லிட்டர் சிலிண்டர்ல 8 கிலோதான் ஏறும், பங்க்ல பிரஷர் இறங்கியிருந்தா அதுவும் ஏறாது. நாலு நாளைக்கு ஒரு தடவை வரிசைல நிக்கணும். டிக்கி போச்சு. மூணு வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தம் கொடுத்துப் பார்க்குற சோதனை) கட்டாயம். வெளிய கிட் மாட்டினா ஆர்.சி.யிலயும் இன்சூரன்ஸ்லயும் ஏத்தாம விடாதீங்க.

மஞ்சக்குப்பம்50

ஹோஸ் முதல் நிமிடத்திலிருந்தே வெதுவெதுப்பு. இடது முன் சக்கரமும் சூடு. தெர்மோஸ்டாட் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காலிப்பர்பின்

பழசுல அடிச்சிருக்கிற டிகிரி எண்ணையே கேட்டு வாங்குங்க, குறைஞ்ச டிகிரி போடச் சொன்னா ஒத்துக்காதீங்க. பழசே இல்லாட்டி வண்டி மாடலைச் சொல்லி கம்பெனி பார்ட். தட்டுல ஆடுற சின்னப் பின் மேல்பக்கம் வரணும், காத்து வெளியேற வழி அதுதான். ரப்பர் ரிங் புதுசு. வெறும் தண்ணி ஊத்தாம கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. மூடியைத் திறந்தே வெச்சு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் இன்ஜின் ஓடட்டும். மட்டம் இறங்கும், ஊத்திக்கிட்டே இருங்க. மறுநாள் காலையில இன்ஜின் ஆறினதும் ஒருமுறை மட்டம் பாருங்க. அப்புறம் ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தி மூணு டேங்க் கணக்கெடுங்க. டிஸ்ப்ளேல வர்ற எண்ணை நம்பாதீங்க, அது பெரும்பாலும் கொஞ்சம் தூக்கியே காட்டும்.