குச்சிக்கிழங்குக்குக் குளவி விட்டால் மருந்தை நிறுத்தியே ஆக வேண்டுமா?

ஆத்தூர்ப் பெண்:
பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு. முள்ளுவாடி ரகம், நட்டு ஐந்து மாதம். போன மாதம் கொழுந்தெல்லாம் சுருண்டு கொண்டை போட்டுவிட்டது. திருப்பிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. அப்பா மூன்று முறை மருந்து அடித்தார். பத்து நாள் அடங்குகிறது, அப்புறம் மறுபடி வருகிறது. மருந்துக் கடை பாக்கி அப்படியே நிற்கிறது. ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் மாவுப்பூச்சியைக் கொல்லும் குளவி கேட்கலாம் என்றேன். "இருக்கிற பூச்சிக்கே வழியைக் காணோம், இன்னொரு பூச்சியை வேறு கொண்டுவந்து விடுவதா?" என்கிறார். மருந்தையும் அடித்துக்கொண்டு குளவியும் விட முடியுமா? விட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கெங்கவல்லி விவசாயி:
முடியாது கண்ணு. மாவுப்பூச்சி மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது, மருந்து சரியாக இறங்காது. குளவிக்கு அந்தப் போர்வை இல்லை, அதுதான் முதலில் சாகும். நாங்கள் வெயில் தாழ்ந்து குப்பியைத் திறந்துவிட்டோம். கொசுவை விடச் சின்னது, ஆளைக் கொட்டாது. மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் ஸ்பிரேயரோடு வரப்பில் வந்து நின்றார், கையைப் பிடித்துத்தான் நிறுத்தினேன். அப்புறம் ஒரு கொழுந்தை ஒடித்துப் பார்த்தால் பூச்சிகள் பழுப்பாகக் காய்ந்து, ஓட்டை விழுந்து கிடந்தன. குளவி பூச்சிக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து அந்த ஓட்டை வழியாக வெளியே வரும். அந்த வருடம் எனக்கு விளைச்சல் குறைவுதான், மறைக்கவில்லை. அடுத்த பட்டத்தில் கிழங்கும் பருத்தது, மில்லில் மாவுச்சத்துப் பாயிண்ட்டும் ஏறியது.

பூச்சியியல் மாணவன்:
அக்கா, உங்கள் அப்பா பயப்படுவது நியாயம்தான். இந்த மாவுப்பூச்சியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே எதிரி இல்லாததால் கிழங்கையே நம்பியிருந்த மக்களின் சாப்பாட்டில் கை வைத்தது. இதில் ஆணே கிடையாது, ஒரு பெண் பூச்சி தப்பினாலே காடு நிறைந்துவிடும். 1981-ல் பராகுவேயில் அதன் எதிரிக் குளவியைக் கண்டுபிடித்து, நைஜீரியாவில் வளர்த்து நாடு நாடாக விட்டார்கள். அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அடுத்து தாய்லாந்திலும் இதே கதைதான். 2020-ல் பூச்சி கேரளாவுக்கு வந்தது. பெங்களூர் விஞ்ஞானிகள் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்து, நம் ஊர் நல்ல பூச்சிகளைத் தொடுமா என்று அடைத்த அறையில் சோதித்த பிறகே 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

ஒருமுறை நிலைத்தால் தானே பெருகும், வருடா வருடம் வாங்க வேண்டியதில்லை. அதனால் கடைக்காரர் யாரும் இதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. வளர்த்துத் தர அரசு நிலையம்தான் வேண்டும். ஏத்தாப்பூரில் அப்படி ஒன்று இல்லாதிருந்தால் பெனின் குளவி பெங்களூரோடு நின்றிருக்கும். வளரும் நாடுகளுக்கு அறிவியல் என்று பேசும்போது எனக்கு இந்த நிலையம்தான் ஞாபகம் வரும். 2010-ல் பப்பாளி மாவுப்பூச்சியையும் இப்படித்தான் வெளிநாட்டுக் குளவி அடக்கியது. அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

ஆத்தூர்ப் பெண்:
கேட்டேன் தம்பி. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பெரியப்பா மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டது அந்தப் பப்பாளி மாவுப்பூச்சி அதிலும் ஏறியதால்தானாம். "சரி, ஒரு ஏக்கரில் விட்டுப் பார்ப்போம்" என்கிறார்.

கெங்கவல்லி விவசாயி:
ஒரு ஏக்கரில் விட்டு அடுத்த ஏக்கரில் மருந்து அடித்தால் காற்றில் வந்து சேரும். இரண்டிலும் நிறுத்தச் சொல். அடித்த மருந்தின் காலி டப்பாவை நிலையத்துக்கு எடுத்துப் போ. எத்தனை நாள் கழித்து விடலாம் என்று பார்த்துச் சொல்வார்கள். அடுத்த நடவுக்கு இந்தக் காட்டுக் குச்சியை எடுக்காதே, பூச்சி அதோடுதான் பயணம் போகும்.

ஆத்தூர்ப் பெண்:
டப்பா மூன்றும் மோட்டார் ரூமில் கிடக்கின்றன. திங்கட்கிழமை அப்பாவும் வருகிறார். சுருண்ட கொழுந்து ஒன்றையும் பையில் இறுக்கிக் கட்டி எடுத்துப் போகிறோம்.