பேஸ் கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஜிர்ர் சத்தம்

வணக்கம். என் பேஸ் கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (நெக்கில், அதாவது கழுத்துப் பகுதியில், பதித்த உலோகப் பட்டை) மேல் எங்கே வாசித்தாலும் கம்பி தட்டி ஜிர்ரென்கிறது. தடித்த இ, ஏ கம்பிகளில் மோசம். 14இல் சுரம் உடனே செத்துப்போகிறது. 12க்குக் கீழே சுத்தமாக இருக்கிறது.

நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), போல்ட் போட்டுப் பொருத்திய மேப்பிள் நெக், இந்தோனேசியாவில் செய்த ஆரம்ப விலை மாடல். மார்ச்சில் சென்னையில் புதிதாக வாங்கியது. அக்டோபர் மழைக்குப் பிறகு சத்தம் தொடங்கியது.

நண்பரிடமும் இதே மாடல், இதே கடை. அதில் ஒரு தொல்லையும் இல்லை, ஆக்‌ஷனும் (ஃப்ரெட்டிலிருந்து கம்பியின் உயரம்) தாழ்வாக இருக்கிறது! மரத்தை மெஷின் ஒரே அளவில் வெட்டினாலும், அது காய்ந்த விதமும் ஃப்ரெட் சமன் செய்த பக்குவமும் பீஸுக்குப் பீஸ் மாறும்தான். தெரிந்து என்ன, என் சத்தம் போகவில்லையே.

45-105 தடிமனில் புதுக் கம்பி போட்டாயிற்று. ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, 7ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை 0.3 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். நெக் போல்ட்டுகளையும் இறுக்கினேன். பிரிட்ஜில் சாடிலை (கம்பி அமரும் தாங்கி) உயர்த்தினால் சத்தம் குறைகிறது, ஆனால் 12இல் கம்பி உயரம் 3.5 மி.மீ. தாண்டிவிடுகிறது, விரல் நோகிறது. இரும்பு ரூலரை வைத்துப் பார்த்தால், நெக் உடலோடு சேரும் இடம் லேசாக மேலே எழும்பியிருக்கிறது. கடையில் கேட்டால் ‘இந்த விலைக்கு இது நார்மல் சார்’ என்கிறார்கள்.

இந்த எழும்பலைச் சரிசெய்ய மேல் ஃப்ரெட்டுகளை மட்டும் ராவிச் சமன் செய்தால் போதுமா, இல்லை நெக்கையே மாற்றியாக வேண்டுமா?