பிக் பைலட் 46: ஆசை பெரிசு, மணிக்கட்டு சின்னது

ஏழாவதுமுள் (கேள்வி):
பதினோரு வருட ஆசை எனக்கு. ஐ.டபிள்யூ.சி. என்ற சுவிஸ் கம்பெனியின் பிக் பைலட் வாட்ச், பழைய 46 மி.மீ. மாடல். பெட்டியில் ஏழு வாட்ச் கிடக்கிறது. அதில் மூன்று இதை வாங்க முடியாத ஏக்கத்தில் வாங்கியவை. அந்த மூன்றின் விலையையும் ஒருநாள் கூட்டிப் பார்த்தேன், கூட்டியிருக்கவே கூடாது.

இப்போது பணம் சேர்ந்துவிட்டது. போன வாரம் கட்டிப் பார்த்தேன். 12 மணியில் முக்கோணம், இருபுறமும் புள்ளி, 3 மணிப் பக்கம் சாவி இன்னும் எத்தனை நாளுக்கு என்று காட்டும் குட்டி முள், எல்லாம் மனதில் இருந்தபடியே. மேசையில் கை ஊன்றி எழுந்தேன் பாருங்கள், சாவி கொடுக்கும் அந்த வெங்காயக் குமிழ், அதாவது கிரௌன், புறங்கையில் நறுக்கென்று குத்தியது. என் மணிக்கட்டு 16.5 செ.மீ. சட்டைக் கை வாட்சைத் தாண்டி இறங்க மாட்டேன் என்கிறது. கூட வந்த மகள், "அப்பா, இது யாரோடது?" என்று கேட்டாள்.

2021-இல் வந்த 43 மி.மீ. இருக்கிறது. ஆனால் அதில் அந்தக் குட்டி முள் கிடையாது, ஓட்டமும் 60 மணி நேரம்தான். 46-ஐ ஒரு வருடத்துக்கு மேல் கட்டியவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

பழையசாவி:
ஆறு வருடமாகக் கட்டுகிறேன், 17 செ.மீ. கை. விட்டத்தை விடுங்கள்; மேல் லக்கிலிருந்து (வார் மாட்டும் கொம்பு) கீழ் லக் வரை உள்ள நீளம் மணிக்கட்டின் தட்டையான அகலத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே கட்டினால் குத்தல் பாதி குறையும். எழுதும்போது நான் கழற்றித்தான் வைக்கிறேன்.

இந்த வடிவத்தின் தாத்தா 1940-களில் ஜெர்மன் விமானப்படைக்குச் செய்த 55 மி.மீ. வாட்ச். அதை ஜாக்கெட் கைக்கு மேல், நீள வாரில் கட்டினார்கள். கையுறையோடு திருகத்தான் அத்தனை பெரிய கிரௌன். ஆக, அது நம் புறங்கைக்காகச் செய்ததே இல்லை!

மெதுஓட்டம்:
எட்டு மாதத்தில் விற்றவன் நான். ஏழு நாள் ஓடும் இயந்திரம், சரி. பெட்டிக்குள்தான் ஏழு நாளும் ஓடியது. 43 வாங்குங்கள். இல்லை, தேதியும் வேண்டுமென்றால் அதே கம்பெனியின் 40 மி.மீ. மார்க் 20 இருக்கிறது, 120 மணி நேரம் ஓடும். தினமும் கட்டாத வாட்ச் எனக்கு வாட்சே இல்லை.

பழையசாவி:
@மெதுஓட்டம் சேகரிக்கிறவரிடம் போய் இதைச் சொல்கிறீர்களே!

திருகாணி:
46 என்றால் செகண்ட் ஹேண்ட்தானே பார்க்கிறீர்கள்? லக் விளிம்பு கூராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாலிஷ் போட்டுப் போட்டு மழுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். சர்வீஸ் ரசீது கேளுங்கள். அப்புறம், முழுக்கச் சாவி கொடுத்து ஏழு நாளும் ஓடுகிறதா என்று பார்க்க அவகாசம் கேளுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஒருமுறை கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். நாலாம் நாளே நின்றது. வாங்கிய விலைக்கு மேல் சர்வீஸுக்கும் அழுதேன்.

ஏழாவதுமுள்:
நன்றி எல்லோருக்கும். நேற்று 43-ஐயும் கட்டிப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

46-தான். @திருகாணி, ஏழு நாள் அவகாசம் கேட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஏக்கத்தில் வாங்கிய மூன்றையும் விற்கிறேன், நாளை படம் போடுகிறேன். நடு வாட்சின் கண்ணாடியில் 7 மணிப் பக்கம் ஒரு கீறல் இருக்கிறது, படத்தில் தெரியாது. இப்போதே சொல்லிவிட்டேன்.