நகைச்சுவைக் கதைப்பாட்டில் சீர், எதுகை, மீள்சொல்: எப்படி அலசுவது?

கேள்வி:
பயிற்சிக்காக எழுதிய ஆறடி இது.

திருடன் வந்தான் திண்ணை யோரம்;
இருட்டில் தடவி இடறி விழுந்தான்;
விழுந்த சத்தம் வீட்டை எழுப்ப
எழுந்த கிழவி "எவனடா" என்றாள்;
"பூனை" என்றான், "பூனை பேசுமோ?"
"பேசாப் பூனை பின்னே வருமே!"

இது வெண்பாவா, ஆசிரியப்பாவா? கடைசி இரண்டடியில் எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றுதல்) இல்லையே, பிழையா? அடியிறுதியில் ஒலி ஒன்றவில்லை என்கிறார் ஒருவர். 'விழுந்தான் / விழுந்த' அந்தாதிதானே?

பதில் 1:
முதலில் ஒவ்வொரு சீரையும் (அடியின் சொல் அலகு) அசையாகப் பிரியுங்கள். திரு/டன், வந்/தான், திண்/ணை, யோ/ரம். குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ வந்தால் சேர்த்து நிரையாக்குங்கள்; மற்றவை நேர். 'வருமே' என்பதை வ/ரு/மே என்று மூன்றாக உடைப்பதுதான் வழக்கமான தவறு; வரு/மே, நிரை நேர், அதாவது புளிமா.

24 சீரில் 22 மாச்சீர் (நேரில் முடியும் ஈரசைச் சீர்: தேமா, புளிமா). 'எவனடா' கருவிளம், 'பேசுமோ' கூவிளம்; இரண்டும் நிரையில் முடியும் விளச்சீர். 'திருடன் வந்தான்' மாமுன் நேர் (மாச்சீரை அடுத்து நேரில் தொடங்கும் சீர்); அந்த ஓர் இடமே வெண்பா இல்லை என்று சொல்லிவிடும். வெண்பாவுக்கு வேண்டிய மூன்று சீர் ஈற்றடியிலும் இல்லை. எல்லா அடியும் நாற்சீர், முடிவு ஏகாரம்: நிலைமண்டில ஆசிரியப்பா. தளை (அடுத்தடுத்த சீர்களின் இணைப்பு) 23; அதில் ஆசிரியத்தளை (இங்கே மாமுன் நேர்) 11, வெண்டளை (மாமுன் நிரை, விளமுன் நேர்) 12. வெண்டளை கூடியதற்காகக் கவலை வேண்டாம், ஆசிரியப்பாவில் அது விரவலாம்.

இரண்டாம் அடியைப் பாருங்கள். நான்கும் புளிமா, ஒவ்வொரு சீரும் நிரையில் தொடங்குகிறது. தடுக்கி விழுகிறவனின் தடுமாற்றம் அந்த ஓட்டத்திலேயே இருக்கிறது. மாற்றிவிடாதீர்கள்.

பதில் 2:
அடியிறுதி ஒலி ஒன்றுவதற்கு இயைபு என்று பெயர். தமிழில் அது வந்தால் அழகு, வராவிட்டால் குறையில்லை. எதுகையை அடியின் முதற்சீரில் தேட வேண்டும்: திருடன்/இருட்டில், விழுந்த/எழுந்த. இரண்டாம் எழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்கிறது, நான்கும் குறில்.

பூனை/பேசா எதுகை ஆகாது, உண்மைதான். ஆனால் ஐந்தாமடியில் பூ, பூ, பே (1, 3, 4: மேற்கதுவாய்), ஆறாமடியில் பே, பூ, பி (1, 2, 3: கூழை) என்று பகர வருக்க மோனை (சீர்களின் முதலெழுத்து ப-வரிசையில் ஒன்றுதல்) தாங்குகிறது. எதுகைக்காக ஒரு சொல்லைத் திணித்தால் நகைச்சுவைதான் முதலில் சாகும்.

அந்தாதி விஷயத்தில் நிதானம். அந்தாதித் தொடைக்கு ஈற்றெழுத்தோ அசையோ சீரோ அப்படியே அடுத்த அடியின் முதலாக வேண்டும். விழுந்தான்/விழுந்த, எழுப்ப/எழுந்த, பேசுமோ/பேசா ஆகியவற்றில் வேர்தான் மீள்கிறது. அடியோடு அடியைக் கோக்கும் வேலை அதே வேலை. பெயர் மட்டும் பொருந்தாது.

பதில் 3:
மீள்சொல்லை எண்ணினால் போதாது, ஒவ்வொரு தடவையும் பொருள் எங்கே திரும்புகிறது என்று குறியுங்கள். முதல் 'பூனை' பொய், இரண்டாவது கேள்வி, மூன்றாவது இல்லாத இன்னொரு பூனை. சீரின் இடமும் 1, 3, பிறகு 2 என்று நகர்கிறது. மூன்றும் முதற்சீரிலேயே நின்றிருந்தால் பட்டியல் படிப்பதுபோல் தட்டையாகியிருக்கும்.

'பேசாப்' என்பதைப் 'பேசாத' என்று "திருத்த" யாராவது சொல்வார்கள். பே/சா/த, மூவசைக் காய்ச்சீரான தேமாங்காய்! இலக்கணப்படி காய்ச்சீர் அங்கங்கே வரலாம். ஆனால் ஈரசையிலேயே ஓடிவந்த பாட்டில் பதிலடி விழும் இடத்தில் ஓரசை கூடி இழுக்கும். திருடன் சட்டென்று சொல்ல வேண்டிய பதில் அது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் 'எவனடா' விளமாக இருப்பதும் நல்லதுதானா?

பதில் 1:
ஆமாம். கதையில் முதல் பேச்சு அது; மாச்சீர் ஓட்டம் அங்கேதான் முதலில் மாறுகிறது, அடுத்த விளம் அவளுடைய 'பேசுமோ'. கிழவி கேட்கும் இரண்டு கேள்வியும் விளத்தில் விழுகின்றன.